அராபா பெருக்காத அறை

எகும்பா கோட்டையில் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அராபா எசெல் ஓர் அறையை மட்டும் பெருக்கியதில்லை. மற்ற இடங்களில் அவள் கை பட்டது பார்த்தாலே தெரியும். உப்புக் காற்று பீரங்கி மேடையில் கொண்டுவந்து சேர்க்கும் மணலைக் காலையும் மாலையும் வழித்து எடுப்பாள். கவர்னர் குடியிருந்த மாடியின் பலகைத் தரையைத் தேங்காய் மட்டையால் தேய்ப்பாள். முற்றத்தில் நாலு வேப்பிலை கிடந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் அந்தக் காலத்தில் அடிமைகளாகக் கப்பலேற்றும் முன் பெண்களை அடைத்து வைத்திருந்த நிலவறையின் வாசலுக்கு வந்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாத்துவாள். செருப்பைக் கழற்றுவாள். உள்ளே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு வெளியே வருவாள்.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. உயரத்தில் கையகல ஓட்டைகள் சில உண்டு. அவற்றின் வழியே கடல் கேட்கும், தெரியாது. தரை என்று காலில் படுவது கல் அல்ல. கல் அடியில் எங்கோ இருக்கிறது. அங்கே கிடந்தவர்களின் சோறும் கழிவும் இரத்தமும் அதன்மேல் ஆண்டுக்கணக்கில் படிந்து, இறுகி, கறுத்து, தட்டினால் மரம் போல ஒலிக்கும் படலமாகிவிட்டது. உள்ளேயே செத்தவர்களைக் கடலில் எறிந்தார்கள் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்வது. எறிய முடியாமல் ஒட்டிக்கொண்டது அந்தத் தரையில் இருக்கிறது.

எகும்பாவில் அடக்கம் ஒரு நாள், சாவுச் சடங்கு வேறொரு நாள். சடங்குக்குச் சொந்தம் முழுவதும் வந்து சேர வேண்டும். மகன் அபிஜானில் மீன்பிடிக்கப் போயிருந்தால், மகள் லண்டனில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தால், அவர்கள் வரும்வரை சடங்கு மாதக்கணக்கில் தள்ளிப்போகும். அதுவரை உயிர் பிரிந்த அறையைப் பெருக்கக் கூடாது. கிழக்குத் தெருவுக்கு வாழ வந்த ஒரு சுத்தக்கார மருமகள் மாமியாரின் அறையை அவசரப்பட்டுப் பெருக்கிவிட்டு, அன்று மாலையே பெட்டியோடு தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்ட கதையை ஊர் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே பழைய மேற்பார்வையாளர்கள் யாரும் அராபாவைக் கேள்வி கேட்டதில்லை. அவர்கள் எல்லோரும் கடற்கரைக்காரர்கள். கேட்டவர் அடார்க்வா.

அடார்க்வா காட்டுநாட்டுக்காரர், குமாசிப் பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோட்டையின் பொறுப்பை ஏற்று வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஒழுகிய கூரையை மாற்றியதும் கழிவறைக்குத் தண்ணீர் கொண்டுவந்ததும் அவர்தான். அன்று கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அமெரிக்காவிலிருந்தும் கடலுக்கு அப்பாலுள்ள தீவுகளிலிருந்தும் பேருந்து பேருந்தாக வரத் தொடங்கியிருந்த காலம் அது. வந்தவர்கள் பெண்கள் அறையில் இருமினார்கள், மேடுபள்ளத்தில் இடறினார்கள். ஒரு பெரிய குழு வரப்போகிறது என்று அக்ராவிலிருந்து தகவல் வந்ததும், அந்தத் தரையைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிமெண்ட் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

"அராபா, அந்த ரூமை நல்லாச் சுரண்டிப் பெருக்கி வச்சிடு. ஆள் வரப்போறாங்க."

"அது மட்டும் முடியாது சார்."

"ஏன், முதுகு வலியா?"

"முதுகு நல்லாத்தான் இருக்கு. சாவு விழுந்த ரூமைப் பெருக்கச் சொல்றீங்களே, உங்க ஊர்ல அப்படித்தான் பண்ணுவீங்களா?"

"சாவு விழுந்து இருநூறு வருஷமாச்சும்மா!"

"சடங்கு நடந்துச்சா?"

அடார்க்வா சிரித்துவிட்டார். வாசலில் சீட்டுக் கொடுக்கும் ஜோஜோ பக்கத்தில்தான் நின்றான். அவன் சிரிக்கவில்லை. எதற்கு வம்பு என்று கூரையில் காக்காய் பார்த்தான்.

"நீ செய்யலேன்னா வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன். சம்பளம் வாங்கற கைக்கு இவ்வளவு வாய் ஆகாது."

"கூப்பிடுங்க. எவ துடைப்பத்தைத் தூக்கிட்டு வர்றான்னு நானும் பார்க்கறேன்."

எவளும் வரவில்லை. உள்ளூர்க் கொத்தனார் தனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். அன்று மாலையே அவர் கடற்கரையில் சீட்டாடியதை அடார்க்வா தம் கண்ணால் பார்த்தார். கோட்டை நிற்கும் பாறை ஊருக்குச் சொந்தமானது. ஊர்த் தலைவரின் சபையைத் தாண்டி அங்கே ஒரு செங்கல்லை நகர்த்த முடியாது. அடார்க்வா சபைக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு. அன்று ஒரு தோணியும் இறங்காது. அதனால் சபை கூடுவதும் செவ்வாயில்தான். தலைவர் நானா குடைக்குக் கீழே அமர்ந்திருப்பார். அவர் வாயிலிருந்து நேரடியாக எதுவும் வராது. கோல்காரர் எபோவின் காதில் சொல்வார். எபோ பொன்முலாம் பூசிய கோலை ஊன்றிக்கொண்டு, அதை இன்னும் கொஞ்சம் அழகாக்கி ஊருக்குச் சொல்வார்.

அடார்க்வா தம் பக்கத்தைச் சொன்னார். அராபா தன் பக்கத்தைச் சொன்னாள். அப்போது அடார்க்வாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாவு வீடு, சாவு வீடுங்கறாளே, இவ வீட்டுச் சாவா அது? இங்கேருந்து கப்பல் வரைக்கும் அந்த ஜனங்களைத் தோணியில ஏத்தித் தள்ளிட்டுப் போனது யாரு? எங்க ஊர்க்காரனா? எங்க ஊர்ல கடலே கிடையாது!"

கூட்டத்தில் பலருக்குத் திடீரென்று தங்கள் கால்விரல்களைப் பார்க்க வேண்டியிருந்தது.

"எங்க ஊர்க்காரங்கதான் சார்," என்றாள் அராபா. "எங்க வீட்டுத் தோணியும் போயிருக்கும். பிடிச்சுக் கட்டி இழுத்துட்டு வந்து வித்தது யாருன்னு ஆரம்பிச்சா, கடல் இல்லாத ஊரும் குனிஞ்சுதான் நிக்கணும். அதை இன்னொரு செவ்வாக்கிழமை வச்சுக்குவோம். கொன்ன கைக்குச் சொந்தக்காரங்கன்னா, தலைமாட்டுல நிக்க வேண்டிய கடமை இன்னும் கூடுதல்தான். இப்ப பேச்சு தரையைப் பத்தி."

நானா கோல்காரரின் காதில் நீண்ட நேரம் ஏதோ சொன்னார். எபோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அராபா, நீ சொல்ற வழக்கம் சரி. ஆனா சாவுன்னா அதுக்கு ஒரு குடும்பம் வேணும். தாய்வழிச் சொந்தத்துல ஒருத்தராவது முன்னால வந்து, 'இது எங்க சாவு, எங்க சடங்கு இன்னும் முடியல'ன்னு சொல்லணும். அந்த ஜனங்க எந்த ஊரு, எந்தக் குலம், யாருக்குத் தெரியும்? கேக்க ஆளில்லாத சாவுக்கு ரூமைப் பூட்டி வைக்கச் சபைக்கு அதிகாரமில்ல."

"ஒரே ஒரு ஆளைக் காட்டச் சொல்லுங்க நானா," என்றார் அடார்க்வா. அவர் நிதானத்துக்குத் திரும்பியிருந்தார். "அந்த ரூம்ல இருந்தவங்களோட சொந்தம்னு ஒரே ஒரு ஆள். சிமெண்டை அப்படியே திருப்பி அனுப்பிடறேன்."

அடுத்த செவ்வாய் வரை தவணை கொடுத்தார்கள். ஆளில்லை என்றால் மறுநாள் புதன்கிழமை சிமெண்ட்.

கலைந்து போன கூட்டத்தில் ஒருவர்கூட அராபாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கே இருந்த வயதானவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரே ஒரு ஆள் யார் என்று தெரியும். அதைச் சொல்லத்தான் கூடாது.

அராபாவுக்கு அது தெரிந்த விதம் இது. அப்போது அவள் கல்யாணமாகாதவள். தாயோடு சேர்ந்து புகையடுப்பில் மீன் சுட்டு, கூடையில் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவந்தாள். மான்சா என்ற மீன்காரிக்கும் அவளுக்கும் இடத்தகராறு. மான்சாவின் கூடையை அராபா நகர்த்தினாள், அராபாவின் பாயை மான்சா உதைத்தாள். இருவரும் ஒருவர் மீனை ஒருவர் நாறல் என்றார்கள். அதுவரை எல்லாம் சந்தை வழக்கப்படிதான் நடந்தது. பிறகு மான்சா கத்தினாள்:

"கல்லுக்கு அடியிலேருந்து ஏறி வந்ததுக்கு வாயைப் பாரு!"

சந்தை அடங்கிவிட்டது. பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதி வாக்கியத்தில் நின்றார்கள். மாலையில் மான்சாவின் குடும்பத்தைப் பெரியவர்கள் அழைத்தார்கள். அந்த நாட்டில் ஒருவருடைய பூர்விகத்தை மற்றவர் வெளியே சொல்லக் கூடாது. எங்கிருந்து வந்து சேர்ந்தவர்களாக இருந்தாலும், சேர்ந்த பிறகு அவர்கள் குலத்தின் பிள்ளைகள். சட்டம் என்னவோ இரக்கமானதுதான். மான்சாவுக்கு ஒரு செம்மறியாடும் இரண்டு புட்டி ஜின்னும் அபராதம் விழுந்தது.

வாய்க்கு வந்த வசவாக இருந்திருந்தால் ஒரு மன்னிப்போடு முடித்திருப்பார்கள். ஆடு கேட்டார்கள். ஆடு கேட்டதிலிருந்துதான் அது வெறும் வசவல்ல, உண்மை என்று அராபாவுக்கு விளங்கியது.

மறுநாள் அடுப்படியில் தாயிடம் கேட்டாள். "அம்மா, கல்லுக்கு அடின்னா என்ன?"

"மீனைத் திருப்பு, கருகுது," என்றாள் தாய். பிறகு, புகையைப் பார்த்துக்கொண்டே, ஒரே ஒரு தடவை சொன்னாள். அவளுடைய பாட்டியின் தாய்வழியில், எண்ணினால் அராபாவுக்கு ஐந்து தாய்மார்களுக்கு முன்னால், கோட்டை நிலவறையில் அடைபட்டிருந்த ஒரு பெண். கப்பல் வந்த அன்று எழுந்து நிற்கக்கூட முடியாத காய்ச்சல். கப்பல்காரன் வேண்டாம் என்று ஒதுக்கினான். தோணிக்காரன் ஒருவன் ஒரு சாராயப் பீப்பாய் கொடுத்து அவளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனான். பிழைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்ததால் அந்தக் கிழமைக்கு உரிய எசி என்ற பெயரை வைத்தார்கள். தாய் வைத்த பெயர் என்ன என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. "கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டா," என்றாள் தாய். "சாகற வரைக்கும் கோட்டை இருக்கற திசையில தலைவச்சுப் படுக்கலையாம்."

அதன்பின் அராபாவுக்குப் பல விஷயங்கள் கண்ணில் படத் தொடங்கின. குலத்தில் சாவு விழுந்தால் அவர்கள் வீட்டுப் பெண்கள் சமைப்பார்கள், முன்வரிசையில் உட்கார மாட்டார்கள். யாரும் தடுத்ததில்லை. உட்காருவதில்லை, அவ்வளவுதான்.

கல்யாணம் ஆயிற்று. புருஷன் மீன்பிடிப் படகோடு அபிஜான் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பெண்களைப் புகையடுப்பை வைத்தே வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். புகை கண்ணைக் கெடுத்தது. வைத்தியர் அடுப்பை விடச் சொன்னபோது, கோட்டையில் பெருக்க ஆள் தேடினார்கள். எசி கிடந்த அதே கல்லுக்கு அடியில் வேலை கிடைத்தது பற்றி அவள் ஜோஜோவிடம்கூடச் சொல்லவில்லை.

சபை கொடுத்த தவணையில் அவள் அண்ணன் குவாமினாவைப் பார்க்கப் போனாள். அவர் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். ஊரில் இரண்டு படைக் கூட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கொடி, தனி முரசு, தனி வீம்பு. இரண்டாம் கூட்டத்தின் தலைமை அடுத்த திருவிழாவில் குவாமினாவுக்கு வருவதாக இருந்தது. புதுக் கொடி தைக்கக் கொடுத்தாகிவிட்டது. எசெல் வீட்டிலிருந்து ஒருவர் அந்தக் கொடியைத் தொட்டதே கிடையாது.

"சொல்லப் போறியா?" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"சொல்லித்தான் ஆகணும் அண்ணே."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்காங்க பாரு, அதுலதான் நான் தலைவனாக முடியும். நீ வாயைத் திறந்தா அவங்களுக்கும் தெரிஞ்சாகணும்."

"தெரியட்டும்."

"கொடி என் கைக்கு வர்ற வரைக்கும் பொறுக்க முடியாதா உனக்கு?"

"எனக்கு முடியும். சிமெண்டு புதன்கிழமை வருதே."

குவாமினா வலையை உதறினார். "அவங்க செத்துட்டாங்க அராபா. நான் இருக்கேன்."

அராபா கொண்டுவந்த கென்கி என்ற சோளமாவு உருண்டைகளை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். அவர் அவற்றைத் தொடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை.

செவ்வாய்க்கிழமை அராபா கறுப்புத் துணி உடுத்தித் தலையில் சிவப்புக் கட்டிச் சபைக்கு வந்தாள். அது சாவுக்கு நெருங்கிய சொந்தம் உடுத்துவது. பெண்கள் நின்ற பக்கத்தில் சலசலப்பு ஓடியது. குவாமினா ஆண்கள் வரிசையில் கடைசியில் நின்றார்.

"ஆள் கிடைச்சுதா?" என்று அடார்க்வா கேட்டார்.

"கிடைச்சுது சார். நான்தான்."

கோல்காரர் எபோ கோலால் தரையைத் தட்டினார். "அராபா, வார்த்தையைப் பார்த்துப் பேசு."

"அம்பது வருஷமாப் பார்த்துட்டுத்தான் பேசாம இருந்தேன். எங்க வீட்டு மூத்தவ எசி. அந்த ரூம்லேருந்து வந்தவ. காய்ச்சல்ல கிடந்தான்னு ஒதுக்கினாங்க. ஒரு பீப்பாய் சாராயத்துக்கு வித்தாங்க. அவ கூடப் படுத்துக் கிடந்தவங்கதான் அந்தத் தரையில இருக்காங்க. அவ அக்காவோ தங்கச்சியோ அம்மாவோ அதுல உண்டா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இல்லேன்னு சொல்ல இங்க யாருக்காவது தெரியுமா?"

கடற்கரையில் அலை உடைவது கேட்டது.

"பூர்விகத்தைச் சொல்லக் கூடாதுங்கறது சட்டம்," என்றார் எபோ.

"அடுத்தவங்களோடதை. நான் சொன்னது என்னோடது. இதுக்கும் ஆடு வேணும்னா சொல்லுங்க, ஓட்டிட்டு வர்றேன். ஆனா ஆடு வாங்கினீங்கன்னா நான் சொன்னது நெசம்னு சபையே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் அந்த ரூமை யாரும் தொட முடியாது. வாங்கலேன்னா, நான் சொன்னதுல தப்பில்லேன்னு ஆச்சு. அப்பவும் தொட முடியாது."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழட்டுச் சிரிப்பு வெடித்தது. மான்சா. பல் எல்லாம் போய்விட்டிருந்தது. "என் ஆட்டைத் திருப்பிக் கொடுங்கடா!" என்றாள்.

சபையே சிரித்துவிட்டது. குடைக்குக் கீழே நானாவும் வாயைத் துணியால் மறைத்துக்கொண்டார். குவாமினா மட்டும் சிரிக்கவில்லை. அவர் திரும்பிக் கடலை நோக்கி நடந்தார்.

நானா எபோவின் காதில் சொன்னார். எபோ கோலை ஊன்றினார். "குடும்பம் வந்தாச்சு. சபை ஒத்துக்குது. சடங்கு முடியற வரைக்கும் அந்த ரூமுக்குத் துடைப்பமும் போகாது, சிமெண்டும் போகாது."

அடார்க்வா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சிமெண்ட் திரும்பிப் போனது. ஆனால் அவர் யோசிக்கத் தெரிந்தவர். அந்த வாரக் கடைசியில் கோல்காரரையும் கூட்டிக்கொண்டு ஒரு புட்டி ஜின்னோடு அராபாவின் வீட்டுக்கே வந்தார்.

"அம்மா, நான் உங்களைப் பார்த்து அன்னிக்குச் சிரிச்சது தப்பு. வாங்க, அந்தச் சடங்கை நடத்திடுவோம். பெரிய குழு வர்ற அன்னிக்கே வச்சுக்கலாம். முரசு, துப்பாக்கி வேட்டு, கூடாரம், சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு. இந்தக் கரையே பார்த்திராத சாவுச் சடங்காப் பண்ணிடலாம்."

"நல்ல காரியம்தான் அராபா," என்றார் எபோ. "அவங்களுக்கும் ஒரு வழி பண்ணின மாதிரி இருக்கும்."

அராபா இருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"சடங்கு முடிஞ்சதும்?" என்று கேட்டாள்.

"முடிஞ்சதும்னா?"

"ரூமைப் பெருக்கலாம். அப்படித்தானே?"

அடார்க்வா எபோவைப் பார்த்தார்.

"சடங்கு எப்போன்னு சொல்ல வேண்டியது குடும்பத்துத் தலை. குடும்பத்துத் தலை இப்ப நான். சொந்தம் எல்லாம் வராம நம்ம ஊர்ல எவனாவது சடங்கு வச்சிருக்கானா? லண்டன்ல இருக்கற ஒரு மகளுக்காக எபோ அண்ணன் வீட்டுல மாசக்கணக்கா நிறுத்தி வச்சாங்க, இல்லையா அண்ணே?"

எபோ தலையை ஆட்டினார். வேறு வழியில்லை.

"எங்க ஆளுங்க கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. எத்தனை ஊரு, எத்தனை தீவுன்னு எனக்குத் தெரியாது. இப்பத்தான் ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சிருக்காங்க. எல்லாரும் வரட்டும். அப்புறம் நாள் குறிக்கலாம்."

"அது நடக்கற காரியமா அம்மா?" என்றார் அடார்க்வா.

"அது என் கவலை சார். புட்டியை எடுத்துட்டுப் போங்க. அன்னிக்கு வேணும்."

திருவிழாவில் இரண்டாம் கூட்டத்தின் புதுக் கொடி வேறொருவர் கைக்குப் போனது. ஒருவரும் காரணம் சொல்லவில்லை. குவாமினா தங்கையோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆனால் அவர் தோணி கரையேறும் நாட்களில் அவள் பங்கு மீன் மட்டும் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. அதே திருவிழாவுக்குப் பிறகு விழுந்த ஒரு குலச் சாவில், அராபா சமையல் பக்கம் போகாமல் நேராகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். மரியாதைக்கா ஒதுக்கவா என்று அவள் ஆராயவில்லை. இடம் தாராளமாக இருந்தது.

கோட்டையில் அவள் வேலை பழையபடிதான். அடார்க்வா அந்த அறை வாசலில் செருப்பு விட ஒரு பலகை அடித்துக் கொடுத்தார். பேருந்துகள் வருகின்றன. அறைக்குள் போய்விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வருபவர்களுக்கு அராபா ஒரு குவளைத் தண்ணீர் நீட்டுவாள். அவளுக்கு அவர்கள் மொழி வராது. ஜோஜோதான் சொல்லியாக வேண்டும்.

ஒருமுறை பார்படோஸ் தீவிலிருந்து தனியாக வந்த முதியவள் ஒருத்தி, தண்ணீரைக் குடித்துவிட்டு, இந்த அம்மா யார் என்று ஜோஜோவைக் கேட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க யாருன்னு கேக்கறாங்க. பெருக்கறவங்கன்னு சொல்லவா?"

"சாவு வீட்டுக்காரின்னு சொல்லு. நல்லபடியா வந்து சேர்ந்தீங்களான்னு கேளு. அந்தப் பக்கம் இன்னும் யார் யார் வரணும், கேட்டுச் சொல்லு."

ஜோஜோ சொன்னான். முதியவள் குவளையைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு விரலை மடக்கிப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். அக்கா, அக்காவின் பிள்ளைகள், இறந்துபோன அண்ணனின் பேரன்கள். விரல்கள் தீர்ந்து மறுபடி முதலிலிருந்து மடக்கினாள்.

"நெறைய பேர் பாக்கி இருக்காங்களாம் ஆன்ட்டி," என்றான் ஜோஜோ.

"நல்லது," என்றாள் அராபா. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பீரங்கி மேடைப் பக்கம் போனாள்.